வார்சாவில் ஒரு திங்கட்கிழமை: ஊரில் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

போலந்து நாட்டின் வார்சா பல்கலைக்கழகத்தில் 2023 அக்டோபரில் இருந்து 2024 ஜூன் வரை வருகைதரு பேராசிரியராகத் தமிழ் இலக்கியம் நடத்தினேன். பாளையங்கோட்டைக்குத் திரும்பிய நாளில் இருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் ஏதாவது கேட்கிறார்கள். எதிர்வீட்டு மைனி கேட்பது ஒன்று, என் எம்.ஏ. மாணவர்கள் கேட்பது ஒன்று, மார்க்கெட்டில் காய்கறிக்கடை அண்ணாச்சி கேட்பது இன்னொன்று. கடை வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. முழுசாகச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

போலந்துக்காரப் பிள்ளைகளுக்குத் தமிழ் எதுக்கு? படிச்சா வேலை கிடைக்குமா?

மைனிதான் முதலில் கேட்டார்கள். வேலைக்காகப் படிக்கிறவர் என் வகுப்பில் ஒருவரும் இல்லை. ஒரு பெண் சமஸ்கிருதம் படிக்க வந்தவள். அதற்கு ஈடாகப் பழைய இலக்கியம் தெற்கே இன்னொரு மொழியில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். ஒரு பையன் மொழியியல். இன்னொரு பெண் பரதநாட்டியம் கற்கிறாள். அபிநயம் பிடிக்கிற பாட்டுக்கு அர்த்தம் தெரியாமல் ஆட மனசு வரவில்லை என்றாள். இப்படி மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கு ஒரு பேராசிரியரா என்று இங்கே ஆச்சரியப்படுகிறார்கள். அங்கே அது சாதாரணம்.

வார்சாவில் கீழைநாட்டுக் கல்விக்கான நிறுவனம் 1932-இல் தொடங்கியது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை அங்கே வருகைதரு பேராசிரியராக இருந்தார். அதற்கும் முன்னால் வாண்டா டினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி இந்தியாவுக்கு வந்து, உமாதேவி என்று பெயர் வைத்துக்கொண்டு, 1944-இல் இந்திய - போலந்து நூல்வரிசை ஒன்றைத் தொடங்கினார். திருக்குறளைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுபோனவர்களில் அவர் ஒருவர்.

நம்ம பகுதிக்கு இது புதுசும் இல்லை. 1842-இல் சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் வைத்த ஜி.யு. போப்தான் பிறகு ஆக்ஸ்போர்டில் தமிழ் நடத்தினார். அவருடைய ஆங்கிலத் திருக்குறள் 1886-இல் வந்தது. தனிநாயகம் அடிகள் வடக்கன்குளம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில்தான் தமிழை ஆழமாகப் படிக்கத் தொடங்கினார். பிற்பாடு அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைவரானார். சாயர்புரமும் வடக்கன்குளமும் வழியாகப் போன பாதையில்தான் நானும் போனேன் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

காலையில் இருந்து ராத்திரி வரை ஒரு நாள் எப்படிப் போகும்?

திங்கட்கிழமைதான் என் கனமான நாள். மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். அதைச் சொல்கிறேன்.

ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். டிசம்பரில் அங்கே ஏழே முக்காலை ஒட்டித்தான் சூரியன் தலை காட்டும். ஊரில் இருந்து கொண்டுபோன கருப்பட்டியை உடைத்துப் போட்டு ஒரு சுக்குக் காப்பி. குளிர்காலத்தில் அந்த நாட்டு நேரம் நமக்கு நாலரை மணி பின்னால். அதனால் காப்பியோடு நான் போன் போடும்போது இங்கே பத்தரை ஆகியிருக்கும். அம்மா காலைச் சாப்பாடு முடித்துவிட்டு வெற்றிலையோடு உட்கார்ந்திருப்பாள். "அங்க மழையா?" என்பாள். பனி என்று சொல்வேன். "தலையில துண்டு கட்டிக்கோ" என்பாள். தினமும் இதே பேச்சுத்தான். அதைக் கேட்காமல் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது கிடையாது, ஒரே ஒரு வாரம் தவிர. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பேருந்தில் இருபது நிமிடம். பல்கலைக்கழக வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. இசைமேதை ஷோப்பானுடைய இதயத்தை அதன் தூண் ஒன்றில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். முதல் வாரம் நின்று பார்த்தேன். அப்புறம் பனியில் வழுக்காமல் நடப்பதே வேலையாகிவிட்டது.

9:45-க்கு ஆரம்பநிலை மொழி வகுப்பு. எழுத்து, வேற்றுமை, வினைமுற்று. 11:30-க்குப் பழைய இலக்கியம். ஒரு மணிக்கு அது முடியும். டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை என் அறையில் சாப்பிடுவேன். பாதிச் சாப்பாட்டில் யாராவது கதவைத் தட்டுவார்கள். மொழிபெயர்த்த தாளைக் கொண்டுவந்து, "இந்த இடத்தில் மட்டும் ஒரு நிமிடம்" என்பார்கள். அந்த ஒரு நிமிடம் மூன்று மணி வரைக்கும் போகும். மூன்று மணிக்கு நவீனச் சிறுகதை வகுப்பு. அது தொடங்கி அரைமணி நேரத்தில் சன்னலுக்கு வெளியே இருட்டிவிடும். டிசம்பர் நடுவில் அங்கே மூன்றரைக்கெல்லாம் பொழுது அடைந்துவிடுகிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு புதுமைப்பித்தனை வாசிப்போம்.

நாலரைக்கு முடிந்தால் நூலகம். ராத்திரி அறைக்கு வந்து மறுநாள் பாட்டை எழுதிவைப்பேன்: மேலே மூலம், அடியில் சொல்லுக்குச் சொல் பொருள், அதற்கு அடியில் அவர்கள் எழுத இடம் விட்டு நான்கு கோடு. இங்கே இருபத்தாறு வருஷம் வகுப்பு எடுத்த எனக்கு, தயாரிப்பு என்றால் குறிப்பை ஒருமுறை புரட்டுவதுதான். அங்கே ஐந்து வரிப் பாட்டுக்கு மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. காரணம் அடுத்த கேள்வியில்.

ஐந்து வரிக்கு ஒன்றரை மணி நேரமா? அதில் என்ன நடத்துவீர்கள்?

என் மாணவர்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். ஒரு பாட்டை வைத்தே சொல்கிறேன். குறுந்தொகை 18, கபிலர் பாடியது. தோழி தலைவனிடம் பேசுகிறாள். உன் மலையில் வேரிலேயே குலைகுலையாகக் காய்க்கிற பலாமரத்துக்குச் சிறுமூங்கில் வேலி இருக்கிறது. இவளோ, சின்னக் கிளையில், பாட்டின் சொல்லில் 'சிறுகோட்டில்', பெரிய பழம் தொங்குகிற மாதிரி இருக்கிறாள். உயிர் மிகச் சிறிது, காமமோ பெரிது. சீக்கிரம் கல்யாணத்துக்கு வழி பார். அவ்வளவுதான் பாட்டு.

இங்கே இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். பலாப்பழம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டாமே. அங்கே முதல் கேள்வி, "சாரல் என்றால் என்ன?" நம் வாயில் சாரல் என்றால் குற்றாலத்தில் ஆனி, ஆடியில் விழுகிற பூந்தூறல். என்னை அறியாமல் அதைத்தான் முதலில் சொன்னேன். பாட்டில் அது மலைச்சரிவு. "இரண்டும் ஒரே சொல்லா?" என்று கேட்டார்கள். மேகம் மலையில் மோதி, அந்தச் சரிவில் இருந்துதான் எங்களுக்குத் தூறல் வரும் என்று கரும்பலகையில் மேற்குத்தொடர்ச்சி மலையை வரைந்து காட்டினேன். அதிலேயே கால்மணி நேரம் போயிற்று.

அடுத்தது, 'உயிர் தவச் சிறிது' என்ற இடத்தில் வருகிற 'தவ'. ஒரு பையன் அகராதியில் தேடி 'தவம்' என்று எடுத்துக்கொண்டு, "அவள் உயிர் ஒரு சிறிய தவம்" என்று போலிஷில் எழுதியிருந்தான். தப்புத்தான். ஆனால் எவ்வளவு அழகான தப்பு! 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்ற நன்னூல் சூத்திரத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மிகுதியைக் காட்ட ஆறு உரிச்சொல். ஏழு பேரும் ராகம் போட்டு மனப்பாடம் பண்ணிவிட்டார்கள்.

அப்புறம் மரம். பழம் வேரில் காய்க்குமா? போலந்தில் எங்கே திரும்பினாலும் ஆப்பிள் தோட்டம். அவர்களுக்குப் பழம் என்றால் கிளையில் தொங்குவது. பத்துக் கிலோ, இருபது கிலோ எடையுள்ள பழம் என்று சொன்னதும் அந்தச் சமஸ்கிருதப் பெண் கேட்டாள்: "இருபது கிலோ எப்படிச் சின்னக் கிளையில் தொங்கும்? கிளை ஒடிந்துவிடாதா?" ஒடிந்துவிடும் என்ற பயம்தான் பாட்டு என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி இல்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் இல்லை.

கடைசி ஐந்து நிமிடத்தில் மொழியியல் பையன், "வேலி மரத்துக்கு இருக்கிறது. இவளுக்கு இல்லை" என்றான். அவனுடைய மரத்தில் பழம் தரையோடு பத்திரமாகக் கிடக்கிறது, அதற்கும் வேலி போட்டிருக்கிறான். அந்தரத்தில் தொங்குகிற இவளுக்கு ஒரு காவலும் இல்லை. இருபத்தாறு வருஷமாக இந்தப் பாட்டை நடத்துகிறேன். 'வேரல் வேலி' என்பதை வருணனை என்று சொல்லிக் கடந்து போயிருக்கிறேன். அன்றைக்கு அறைக்குத் திரும்பி, என் பழைய குறிப்பேட்டில் அந்த இடத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

தமிழ் இலக்கணம் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்குமே?

எதிர்பார்த்த இடத்தில் கஷ்டம் இல்லை. போலிஷில் பெயர்ச்சொல்லுக்கு ஏழு வேற்றுமை. நமக்கு எட்டு. சொல்லின் கடைசியில் உருபு சேர்ந்து பொருள் மாறும் என்பதை ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு விளக்க ஒரு மாதம் ஆகும். இவர்களுக்கு ஒரு வகுப்புப் போதும். அவர்களிடம் விளி வேற்றுமைகூட உயிரோடு இருக்கிறது. ஆடம் மிட்ஸ்கேவிச் 1834-இல் எழுதிய அவர்களுடைய பெரிய காவியமே, பிறந்த மண்ணை விளித்துத்தான் தொடங்குகிறது. அதனால் 'சாரல் நாட' என்று தோழி கூப்பிடும்போது அது எழுவாய் இல்லை, கூப்பாடு என்பதை நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டார்கள்.

'ஞ' சுத்தமாக வரும். அவர்கள் மொழியில் அந்த ஒலி இருக்கிறது. என்னை அவர்கள் கூப்பிடுகிற 'பாஞி' என்ற மரியாதைச் சொல்லிலேயே உண்டு. 'ண'வும் 'ழ'வும்தான் பாடாய்ப்படுத்தும். நாம், நாங்கள் வித்தியாசமும் அப்படித்தான். "நாங்கள் சாப்பிடப் போகலாம்" என்று என்னையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். கூட வரலாமா வேண்டாமா என்று ஒரு நொடி நிற்பேன்.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உயர்திணை, அஃறிணை நடத்திய அன்றைக்கு அந்த நடனப்பெண் கையைத் தூக்கினாள். போலிஷில் பன்மைக்கு இரண்டு வகுப்பு உண்டு. ஆண் ஒருவராவது இருக்கிற கூட்டம் ஒன்றில் சேரும். மற்றதெல்லாம், அதாவது பெண்கள், குழந்தைகள், நாய், மேசை எல்லாம் இன்னொன்றில். "உங்கள் மொழியில் பெண்கள் மட்டும் வந்தாலும் 'வந்தார்கள்' தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் நம் வாயில் இருக்கிற 'வந்தார்கள்' இன்னொருத்திக்கு அப்படித் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

நம்ம ஊர்ப் பேச்சை அவர்களுக்கு எப்படிப் புரியவைத்தீர்கள்?

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைப் பாடத்தில் வைத்திருந்தேன். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தவர், நம்ம ஊர்ப் பேச்சின் ருசி தெரிந்தவர். பூமிக்கு வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை 'ஓய்' என்று கூப்பிடுவார். 'நீர், உம்' என்றுதான் பேசுவார். போலிஷில் முன்னிலைக்கு இரண்டே படி. நெருக்கமானவருக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று. மரியாதைச் சொல் வந்தால் வினை படர்க்கைக்குப் போய்விடும்; "அய்யா சாப்பிடுகிறாரா?" என்று எதிரில் இருப்பவரையே கேட்கிற மாதிரி. நமக்கோ நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. 'நீர்' எங்கே போய் உட்காரும்? நெருக்கத்தில் வைத்தால் கடவுளை மட்டம்தட்டின மாதிரி ஆகிறது. மரியாதையில் வைத்தால் கந்தசாமிப் பிள்ளை பயந்தவர் ஆகிவிடுகிறார்.

நாற்பது நிமிடம் சண்டை. கடைசியில் கதையை மூடிவைத்துவிட்டு, திருநெல்வேலியில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவோம் என்று பலகையில் எழுதினேன். சமவயது ஆண்களுக்குள் 'வே'. சின்னப்பையனுக்கு 'ஏல'. பெண்பிள்ளைக்கு 'ஏட்டி'. அண்ணன் பெண்டாட்டிக்கு மட்டும் இல்லை, பக்கத்துவீட்டு அக்காவுக்கும் 'மைனி'. கடைக்காரர் எந்த வயதானாலும் 'அண்ணாச்சி'. 'அவுக வந்தாக' என்று ஒருத்தி சொன்னால் பெரும்பாலும் அது அவள் புருஷன். அடுத்த வாரம் வகுப்புக்குள் நுழைந்தால் ஒருவரை ஒருவர் "என்னவே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை தூரத்தில், பனிக்குள், அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2023 வெள்ளத்தப்போ அங்கதானே இருந்தீக?

ஆமாம். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அம்மா இருப்பது திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில், தாமிரபரணி ஆற்றில் இருந்து கூப்பிடு தூரம். மழை விடாமல் பெய்கிறது என்று மத்தியானம் சொன்னாள். சாயங்காலத்தில் இருந்து போன் போகவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டி மழை, தாமிரபரணி கரை மீறிவிட்டது, திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நிற்கிறது என்று செய்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அந்த மாதம் 11:30 வகுப்பில் முக்கூடற்பள்ளு வாசித்துக்கொண்டிருந்தோம். தாமிரபரணியில் சிற்றாறு வந்து சேருகிற சீவலப்பேரிதான் அந்த முக்கூடல். நானே இரண்டு வாரம் முன்னால் அச்சடித்துக் கொடுத்த பாட்டு அன்றைக்கு. 'ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி' என்று தொடங்கும். மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ மின்னுகின்றன. சேற்று நண்டு வளையை அடைக்கிறது. வானம்பாடி மழை தேடி ஆடுகிறது. விடுப்புச் சொல்லியிருக்கலாம். அறையில் தனியாக இருக்க முடியாது என்று தோன்றியதால் போனேன்.

வானம்பாடியில் தொடங்கினோம். அவர்கள் நாட்டில் வானம்பாடி வசந்தத்துக்கு வருகிற பறவை. மழைக்குக் காத்திருக்கும் வானம்பாடி அவர்களுக்குப் புதிது. அப்புறம் ஒரு பெண், வெள்ளம் வருவதில் ஏன் சந்தோஷம் என்று கேட்டாள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது, வெள்ளம் வந்தால் கால்வாய் வழியாகக் குளம் எல்லாம் நிறையும், நிறைந்தால்தான் பிசான நெல்லுக்குத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். 'ஸ்ரீவைகுண்டம்' என்று கடைசி அணைக்கட்டின் பெயரைச் சொன்னதும் குரல் நின்றுவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். யாரும் ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் போய்ச் சூடாகத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அந்தச் சமஸ்கிருதப் பெண் மடிக்கணினியில் வரைபடத்தைத் திறந்து, "அம்மா வீடு எது?" என்று கேட்டாள். காட்டினேன். பிறகு ஆற்றைப் பாபநாசத்தில் இருந்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்கள். சேரன்மகாதேவி, திருநெல்வேலி, சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம், புன்னைக்காயல். ஒவ்வொரு பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதி, என்னிடம் சரியா என்று கேட்டு, வாசித்தார்கள். வகுப்பு நேரம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் அம்மா குரல் கேட்டது. பக்கத்து மாடிவீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையே அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் பழைய புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருந்தவை எல்லாம் சேறு. அம்மா அதற்குத்தான் அழுதாள். அந்த வாரம் ஊரில் எத்தனையோ பேர் வீடும் மாடும் வயலும் இழந்து நின்றார்கள். எனக்குப் புத்தகத்தோடு போயிற்று.

குளிரு, சாப்பாடு எல்லாம் எப்படி?

பழகிவிட்டது. பியரோகி என்று ஒன்று, பார்க்கச் சோமாசி மாதிரி, வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி. உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். கம்புமாவு மாதிரி ரை மாவைப் புளிக்கவைத்து ஒரு சூப் செய்கிறார்கள், பழைய கஞ்சியின் புளிப்பு அதில் இருக்கும். கறி போடாமல் கேட்டு வாங்க வேண்டும். கருப்பட்டி தீர்ந்த பிறகுதான் உண்மையான கஷ்டம்.

அந்தக் கருப்பட்டி பாதி வகுப்பிலேயே தீர்ந்தது. பனை என்று பாட்டில் வந்த அன்றைக்கு ஓலைக்கொட்டானோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கொட்டானின் முடைச்சலைத் தடவிப் பார்த்தார்கள். இந்த ஓலையில்தான் நீங்கள் வாசிக்கிற பாட்டெல்லாம் இருந்தது, இதே மரத்துப் பாளையில் வடிகிற பதநீரைக் காய்ச்சினால் இது என்று ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தேன். எழுத்தும் இனிப்பும் ஒரே மரத்திலா என்று ஒருவன் கேட்டான்.

பரீட்சை, மார்க்கு?

5 என்றால் மிக நன்று, 3 என்றால் தேர்ச்சி, 2 என்றால் போச்சு. பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு. எதிரே உட்காரவைத்துப் பாட்டைக் கொடுத்து, வாசி, பொருள் சொல், ஏன் அப்படி என்று கேட்க வேண்டும். குறிப்பை ஒப்பிக்க வழியில்லை. ஏழு பேரும் தேறினார்கள்.

நம்ம பிள்ளைகள் மட்டமா, அவர்கள் உசத்தியா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது, ஆனால் அடிக்கடி வருகிறது. நம்ம பிள்ளைகளுக்கு மொழி வாயிலேயே இருக்கிறது. 'மாலை' என்றால் எத்தனை அர்த்தம் என்று பார்க்க அகராதி வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் இருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு மருதம் என்றால் அவள் வீட்டு வாசல். வார்சாவில் ஒருவர் ஒரு வருஷம் படித்துச் சேர்க்கிறதை இவள் பிறக்கும்போதே கொண்டுவந்திருக்கிறாள்.

ஆனால் தெரிந்ததாக இருப்பதாலேயே கேட்காமல் விடுகிறோம். பருவத்துக்கு ஐந்து அலகு, முடிக்க வேண்டிய பகுதி, உள்மதிப்பீடு என்று நானும் ஓடினேன், பிள்ளைகளும் என் பின்னால் ஓடினார்கள். ஒரு வகுப்பில் அறுபது பேர் இருக்கும்போது ஏழு பேருக்கு நடத்துகிற மாதிரி நடத்த முடியாது என்பதும் உண்மைதான். ஆசிரியரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இருந்தாலும் வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு, "இதில் உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிற ஒரு சொல்லைப் பற்றிக் கேள்வி கேள்" என்று இப்போது ஆரம்பித்திருக்கிறேன். முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் கடைசிப் பெஞ்சில் இருந்து ஒரு பையன், "நெய்தல்னா பூவுதான டீச்சர், உப்பளத்துக்கு எதுக்கு அந்தப் பேரு?" என்றான். அவன் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கிறார். அன்றைக்கு முழுக்க அவன்தான் வகுப்பு எடுத்தான்.

நானும் அப்படிப் போகணும், என்ன செய்யணும்?

ஐ.சி.சி.ஆர். என்கிற இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு இந்தியப் பேராசிரியர்களை அனுப்புகிறது. அந்த அறிவிப்புகளைப் பார்த்துவாருங்கள். சில பல்கலைக்கழகங்கள் நேராகவும் கூப்பிடும். முனைவர் பட்டமும் கற்பித்த அனுபவமும் தேவை. ஆங்கிலத்தில் தமிழை விளக்கப் பழகுங்கள். அது ஆங்கிலம் பேசுவதில் இருந்து வேறு. புத்தகங்களைப் பார்சலில் அனுப்பாதீர்கள், என் பெட்டி வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. தேவையான நாலு புத்தகத்தைக் கையில் கொண்டுபோங்கள். ஒரு கொட்டான் கருப்பட்டியும்.

அங்கிருந்து யாராவது நம்ம ஊருக்கு வந்தார்களா?

வந்தாள், அந்தச் சமஸ்கிருதப் பெண். 2024 ஜூலையில், நான் திரும்பிய மறுமாதம். அம்மா அவளுக்குச் சொதியும் இஞ்சித் துவையலும் செய்துபோட்டாள். இவளும் "போதும் ஆச்சி" என்று சொல்லக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். நல்ல சீசன். தென்காசியில் இறங்கும்போதே முகத்தில் தூறல். "சாரல்" என்றாள். அப்புறம் மலையைக் காட்டி, அதற்கும் "சாரல்" என்றாள்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் பலாமரங்கள் நின்றன. காவல் இருந்த பெரியவரிடம் கேட்டு உள்ளே போனோம். ஒரு மரத்தில் வேரை ஒட்டியே மூன்று பழம், மண்ணில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்து வேரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அடிமரத்தில் ஆள் உயரத்துக்குத் தொங்கிய பெரிய பழத்தைச் சுற்றிச்சுற்றி வந்தாள். வார்சாவில் கேட்ட அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள். இதில் சின்னக் கிளை எங்கே இருக்கிறது?

பெரியவர் என்னைப் பார்த்து, "அந்தப் பிள்ள என்னம்மா கேக்கு?" என்றார். சொன்னேன்.

"பெரிய கொப்புல எங்க காய்க்கும்? இந்தா பாருங்க," என்று பழத்துக் காம்பைத் தூக்கிக் காட்டினார். அடிமரத்தில் இருந்து விரல் மொத்தத்தில் ஒரு சின்னக் கொப்பு புடைத்துக்கொண்டு வந்திருந்தது. அதில் இரண்டே இரண்டு இலை. அந்தக் கொப்பின் நுனியில்தான் அவ்வளவு பெரிய பழம். "காய்க்கதுக்குன்னே தனியா இப்படி மொளைக்கும். இது தாங்கும். பழுத்தாத்தான் பயம்."

நான் திருநெல்வேலிக்காரி. எத்தனை பலாமரம் பார்த்திருப்பேன். அந்த இரண்டு இலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் பையில் இருந்து குறிப்பேட்டை எடுத்தாள். அச்சடித்துக் கொடுத்த அதே தாள் உள்ளே ஒட்டியிருந்தது. சாரலில் நனையாமல் இருக்க என் முந்தானையை மேலே பிடித்துக்கொண்டேன். 'சிறுகோடு' என்ற சொல்லுக்கு அடியில் விட்டிருந்த கோட்டில், தமிழ் எழுத்தில் 'கொப்பு' என்று எழுதி, பெரியவரிடம் காட்டி, சரியா என்று கேட்டாள்.